தனித்தொழிலரின் ஒப்பந்தமும் நிலுவைத் தொகையும்

மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல், வேலைக்கு வேலை கட்டணம் பேசிக்கொண்டு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், வடிவமைப்பவர், படம்பிடிப்பவர், மென்பொருள் செய்பவர் ஆகியோரை இந்நூல் தனித்தொழிலர் என்று குறிக்கிறது. பேச்சுவழக்கில் ஃப்ரீலான்சர் எனப்படுபவர் இவரே. சம்பளம் நின்றுபோன ஊழியர் தொழிலாளர் துறையை அணுகலாம். தனித்தொழிலருக்கு அந்த வழி இல்லை. நுகர்வோர் ஆணையமும் அவருக்குப் பயன்படாது, ஏனெனில் அவர் சேவையை விற்றவரே அன்றி வாங்கியவர் அல்லர். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரும் பெரும்பாலும் ‘இது சிவில் விவகாரம்’ என்ற பதிலோடு திரும்பிவிடும்; பேசிய பணத்தைப் பிற்பாடு தராமல் போவது மட்டுமே மோசடிக் குற்றமாகாது, தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டப்பட வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் நிலைப்பாடு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்ற பிரிவினரை வரையறுத்தாலும், அவர்களுக்கான நலத்திட்டங்களைப் பற்றிப் பேசுகிறதே தவிர, வர வேண்டிய கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. நியூயார்க் நகரில் 2017 முதல் 800 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பணிகளுக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயமாக்கப்பட்டு, தேதி குறிக்கப்படாதபோது பணி முடிந்த 30 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இந்தியாவில் தனித்தொழிலருக்கென்றே அப்படியொரு சட்டம் இல்லை. ஆகவே அவருடைய கட்டணம் முதன்மையாக 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தையும், அவர் முறைப்படி பதிவு செய்திருந்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தையும் நம்பியே நிற்கிறது.

பணம் வராமல் போகும் விவகாரங்களில், ‘தர மாட்டேன்’ என்று நேராகச் சொல்லும் வாடிக்கையாளர் அரிது. ‘இன்னும் சில திருத்தங்கள் இருக்கின்றன’, ‘பில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறது’, ‘எங்கள் கிளையண்ட் இன்னும் தரவில்லை’, ‘எம்.டி. ஊரில் இல்லை’ என்பவையே வழக்கமாகக் கேட்கும் விடைகள். இவை எதுவும் கடனை மறுப்பவை அல்ல, கடன் எந்த நாளில் தீர்க்கப்பட வேண்டும் என்பதை மட்டும் வாடிக்கையாளரின் கையில் வைத்துக்கொள்பவை. நல்ல ஒப்பந்தத்தின் முதற்பணி அந்த நாளை அவர் கையிலிருந்து எடுத்துவிடுவதுதான். எது வேலை, அது எப்போது ஏற்கப்பட்டதாகும், ஏற்றபின் எத்தனையாவது நாளில் பணம் வர வேண்டும் என்ற மூன்றும் யாருடைய மனநிலையையும் சாராமல், ஒரு காகிதத்தையும் ஒரு நாட்காட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் நபர் ஒருவர் சொல்லிவிடக்கூடியவையாக இருந்தால், அந்த ஒப்பந்தம் அளவில் அரைப்பக்கமே ஆனாலும் போதுமானது.

எழுத்தும் சான்றும்

வாய்மொழி ஒப்பந்தமும் இந்தியச் சட்டத்தில் செல்லும். ஒப்பந்தமே பேசப்படாவிட்டாலும்கூட, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்துகொடுத்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்திருந்தால், அவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த ஈடு நீதிமன்றம் நியாயம் என்று கருதும் தொகையே அன்றிப் பேசிய தொகை அல்ல. வாய்ப்பேச்சில் உள்ள குறை செல்லுபடியாகாமை அன்று, நிரூபிக்க முடியாமையே. தமிழ்ப் பதிப்புத் துறையிலும் சிறு விளம்பர நிறுவனங்களிலும் ‘நமக்குள்ளே என்ன எழுத்து’ என்ற பண்பாடு இன்றும் தொடர்வதால், கையொப்பம் கேட்பதே அவநம்பிக்கையாகப் பார்க்கப்படும் என்று பலரும் தயங்குகின்றனர். தயக்கம் உள்ள இடத்தில் மின்னஞ்சல் போதும். மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம் அந்த ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு கூறுகிறது; டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், முறையான ஆவணம் கையொப்பமாகாத நிலையிலும், மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முழுமையடைந்துவிட்டதாகத் தீர்ப்பளித்தது. எனவே பணியின் விவரம், கட்டணம், தேதிகள் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதி, ‘இவற்றுக்குச் சம்மதம் என்று பதில் அனுப்புங்கள், அதன்பின் பணி தொடங்கும்’ என்று முடித்து, பதில் வந்தபின் மட்டுமே வேலையைத் தொடங்குவது குறைந்தபட்ச ஒழுங்கு.

வாட்ஸ்அப்பில் பேசி முடித்தவற்றையும் அன்றே மின்னஞ்சலில் தொகுத்து அனுப்பிவிடுவது நல்லது. மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, அந்தப் பதிவு எந்தக் கருவியிலிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது என்ற சான்றிதழ் தேவைப்படுவதால், உரையாடல் இருந்த கைபேசியைப் பழையது என்று விற்றுவிடுவதும், இடம் போதவில்லை என்று உரையாடலை அழித்துவிடுவதும் வழக்கையே இழக்கச் செய்யலாம். காகிதத்தில் கையொப்பமிடும் ஒப்பந்தம் உரிய முத்திரைத்தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தீர்வையும் அபராதமும் கட்டிய பிறகே நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கும்.

எதிர்த்தரப்பு யார் என்பதையும் ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். கடைப்பெயரும் பிராண்டுப் பெயரும் சட்டப்படி நபர்கள் அல்ல. அவற்றின் பின்னால் தனியுரிமையாளரோ, கூட்டு வணிகமோ, எல்.எல்.பி.யோ, பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ இருக்கும். கம்பெனி எனில் கடன் கம்பெனியுடையதே தவிர இயக்குநருடையது அன்று என்பதால், கம்பெனி முடங்கும்போது அதன் கடனும் அதனோடு முடங்கிப்போகும். மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடினால் கம்பெனி செயல்பாட்டில் உள்ளதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பது சில நிமிடங்களில் தெரியும். புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்குப் பெருந்தொகைக்கான வேலை செய்யும்போது, கம்பெனி தராவிட்டால் தாமே தருவதாக இயக்குநர் எழுதித் தரும் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பது முறையற்ற கோரிக்கை ஆகாது.

வேலையின் எல்லையும் ஏற்பும்

நிலுவை உருவாகும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால், ஒப்பந்தத்தில் அதிகச் சொற்களைச் செலவிட வேண்டிய இடமும் இதுவே. ‘இணையதளம் அமைத்தல்’ என்று எழுதுவது வேலையின் பெயர். ‘ஏழு பக்கங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும், தொடர்புப் படிவம் ஒன்று, உள்ளடக்கத்தை வாடிக்கையாளரே தருவார், இரண்டு சுற்றுத் திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும், மூன்றாவது சுற்றிலிருந்து சுற்றுக்கு இன்ன தொகை’ என்று எழுதுவது வேலையின் எல்லை. எல்லை எழுதப்படாத வேலைக்கு முடிவும் இல்லை, முடியாத வேலைக்குப் பணமும் இல்லை.

ஏற்பு என்பது செய்த பணி சரியாக உள்ளது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வது. ‘வாடிக்கையாளர் திருப்தியடைந்தபின் பணம் தரப்படும்’ என்று பெருநிறுவனங்கள் நீட்டும் படிவங்களில் காணப்படும் வரி பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும், அது பணம் தரும் நாளைத் தனித்தொழிலருக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதற்கு மாற்றாகப் பின்வரும் ஷரத்தை வைக்கலாம்: “தனித்தொழிலர் பணியை மின்னஞ்சலில் ஒப்படைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள், ஒப்புக்கொண்ட பணி விவரத்துக்கு மாறாக உள்ளவற்றை வாடிக்கையாளர் எழுத்தில் குறிப்பிட்டுத் தெரிவிக்காவிட்டால், பணி ஏற்கப்பட்டதாகும். பணியை வெளியிடுவதும், அச்சுக்கு அனுப்புவதும், வேறொருவருக்கு வழங்குவதும் ஏற்பாகவே கொள்ளப்படும். ஏற்பு நாளிலிருந்து 15 நாட்களுக்குள் எஞ்சிய கட்டணம் செலுத்தப்படும்.” இந்த மூன்று வாக்கியங்களில் மிகுந்த பலன் தருவது ‘பணி விவரத்துக்கு மாறாக உள்ளவற்றை’ என்ற தொடர்தான். ‘இன்னும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கலாம்’ என்பது விருப்பம். ‘லோகோவில் கம்பெனிப் பெயரின் இரண்டாவது எழுத்து தவறு’ என்பது குறை. முன்னது கூடுதல் கட்டணத்துக்குரிய திருத்தம், பின்னது இலவசமாகச் சரிசெய்ய வேண்டிய பிழை என்ற வேறுபாட்டை இத்தொடர் நிறுவுகிறது.

வாடிக்கையாளரே வேலையை நிறுத்திவைக்கும் நிலையும் எதிர்பார்க்கப்பட வேண்டும். படங்கள் வரவில்லை, விலைப்பட்டியல் வரவில்லை என்று இணையதளப் பணி மாதக்கணக்கில் கிடப்பில் கிடப்பது அன்றாட நிகழ்ச்சி. தர வேண்டியவற்றை வாடிக்கையாளர் 20 நாட்களுக்கு மேல் தாமதித்தால், அதுவரை முடிந்த பகுதிக்கான தொகைக்கு இன்வாய்ஸ் எழுப்பப்படும் என்றும், பணியை அவர் இடையில் கைவிட்டால் முடிந்த கட்டங்களின் முழுக் கட்டணத்தோடு எஞ்சியதில் குறிப்பிட்ட விழுக்காடும் தரப்படும் என்றும் எழுதிவைத்தால், கிடப்பும் கைவிடலும் நிலுவைக்குக் காரணமாக மாட்டா.

பணம் பற்றிய ஷரத்துகள்

எந்த நீதிமன்றத்தையும்விட வலிமையான பாதுகாப்பு, எந்த நேரத்திலும் நிலுவையாகக்கூடிய தொகையைச் சிறியதாக வைத்திருப்பது. ஒரு லட்சம் ரூபாய்ப் பணியில் தொடங்குமுன் 40,000, முதல் வரைவைத் தந்ததும் 30,000, இறுதிக் கோப்புகளைத் தருமுன் 30,000 என்று பிரித்து, ஒரு கட்டத்தின் பணம் வராமல் அடுத்த கட்டத்தைத் தொடங்குவதில்லை என்று எழுதிவைத்தால், வாடிக்கையாளர் முற்றிலும் கைவிரித்தாலும் இழப்பு ஒரு கட்டத்தோடு நிற்கும். முன்பணத்துக்கு ‘அட்வான்ஸ், திருப்பித் தரப்படாது’ என்று பெயரிடுவதைக் காட்டிலும் ‘முதற்கட்டப் பணிக்கான கட்டணம்’ என்று பெயரிட்டு, அக்கட்டத்தில் என்ன செய்யப்படும் என்பதையும் எழுதுவது பாதுகாப்பானது; அப்போது அது வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்வதாக இல்லாமல் செய்த வேலைக்குப் பெற்ற கூலியாக நிற்கும்.

தாமத வட்டி எழுதப்பட வேண்டும், ஆனால் அளவோடு. ஒப்பந்த மீறலுக்கு முன்கூட்டியே ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால், அத்தொகைக்கு மிகாத நியாயமான ஈட்டை மட்டுமே நீதிமன்றம் வழங்கும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுவதால், ‘வாரத்துக்குப் பத்து சதவீதம்’ போன்ற மிரட்டல் வட்டி காகிதத்திலேயே தங்கிவிடும். ஆண்டுக்கு 18 சதவீதம் போன்ற விகிதம் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். விளம்பர நிறுவனங்களின் படிவங்களில் காணப்படும் ‘எங்கள் வாடிக்கையாளர் எங்களுக்குத் தந்தபின் உங்களுக்குத் தருவோம்’ என்ற வரியை ஏற்கக் கூடாது. அந்த மூன்றாம் நபரோடு தனித்தொழிலருக்கு எந்த உறவும் இல்லை. அவர் தந்துவிட்டாரா என்பதை அறியும் வழியும் இல்லை.

பின்தேதியிட்ட காசோலை வாங்கிவைப்பது பழைய முறை என்றாலும் பயன் குன்றாதது. காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாட்களில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் புகார் தர வேண்டும். ஈராண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வெறும் கடன் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகாது, திரும்பிய காசோலை போகும் என்பதே இதன் பலம். நோட்டீஸுக்கான கெடு தவறினால் புகார் நிற்காது என்பதையும் மறக்கலாகாது.

பதிப்புரிமை என்னும் பிடி

பணம் வரும்வரை தனித்தொழிலரின் கையில் இருக்கும் உண்மையான பிடி, அவர் படைத்ததன் பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் எழுதிய கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் மென்பொருளுக்கும் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. பணம் தந்ததாலேயே உரிமை மாறிவிடுவதில்லை, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு விதிக்கிறது. அதே பிரிவுப்படி, காலம் குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கும், நிலப்பரப்பு குறிக்கப்படாதது இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும்.

ஆனால் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒளிப்படக் கலைஞர்களும் ஓவியர்களும் வீடியோ எடுப்பவர்களும் அதை அறிந்திருப்பது அவசியம். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படம், வரையப்பட்ட ஓவியம், எடுக்கப்பட்ட திரைப்படம் ஆகியவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். எழுத்தாளருக்குச் சும்மா இருந்தாலே கிடைக்கும் பாதுகாப்பு, படக் கலைஞருக்கு எழுதிக்கொண்டால்தான் கிடைக்கும் என்பது இதன் பொருள். இரு தரப்பினருக்கும் பொருந்தும் ஷரத்து இவ்வாறு அமையலாம்: “இப்பணியின் பதிப்புரிமை தனித்தொழிலருடையது. முழுக் கட்டணமும் அவருடைய வங்கிக் கணக்கில் வரவான பின்னரே அது வாடிக்கையாளருக்கு மாறும். அதற்கு முன் பணியை எவ்வகையிலும் வெளியிட வாடிக்கையாளருக்கு உரிமம் இல்லை.” இந்த வரி இருந்தால், பணம் தராமல் படத்தைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் கடனாளி மட்டுமல்லர், பதிப்புரிமையை மீறியவரும் ஆவார், பணி வெளியான தளத்துக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்பலாம், நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். வசூலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட, விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் தடைக் கோரிக்கை விரைவில் பணத்தை வரவழைக்கும்.

இந்தப் பிடியைச் சட்டத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. பணம் வரும்வரை குறைந்த தரப் பிரதியையோ நீர்க்குறியிட்ட பிரதியையோ மட்டும் தருவதும், இணையதளத்தைத் தம் சர்வரிலேயே காட்டுவதும் முறையானவை. ஒப்படைத்துவிட்ட தளத்துக்குள் பழைய கடவுச்சொல்லால் புகுந்து அதை முடக்குவதும், குறித்த நாளில் தானே அழியும் நிரலைப் புதைத்துவைப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் குற்றமாகி, நியாயம் இருந்த தனித்தொழிலரையே எதிரியாக்கிவிடும். சமூக ஊடகத்தில் பெயர் சொல்லித் திட்டுவதும் அவதூறு வழக்குக்கு இடம் தரும் என்பதால் விலக்கத்தக்கதே.

உத்யம் பதிவும் 45 நாட்களும்

தனித்தொழிலர் பலரும் தம்மை ஒரு தொழில் நிறுவனமாக நினைப்பதில்லை. அதனால் அவர்களுக்குச் சட்டம் தந்துள்ள மிகக் கூர்மையான கருவி பயன்படாமல் கிடக்கிறது. 2006ஆம் ஆண்டின் சட்டம் பொருள் உற்பத்தி செய்பவருக்கு மட்டுமின்றிச் சேவை தருபவருக்கும் உரியது. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள வரம்புப்படி முதலீடு இரண்டரைக் கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் பத்துக் கோடிக்கும் மிகாத எதுவும் குறுநிறுவனம் என்பதால், வீட்டில் ஒரு கணினியோடு வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளரும் இதில் அடங்குவார். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவை ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசின் தளத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். அதே தோற்றத்தில் அமைந்து கட்டணம் கேட்கும் தனியார் தளங்களிடம் ஏமாறக் கூடாது.

பதிவு பெற்றவருக்கு 15ஆம் பிரிவு தரும் உரிமை தெளிவானது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதப்பட்டிருந்தாலும், ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். நாளே எழுதப்படாவிட்டால் 15 நாட்களுக்குள். ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்பு நாளாகும் என்று சட்டமே கூறிவிடுகிறது. ‘இன்வாய்ஸ் தேதியிலிருந்து 90 நாள்’ என்று பெருநிறுவனம் தன் படிவத்தில் அச்சிட்டிருந்தாலும் இந்த வரம்பு அதை வெல்லும். தாமதமானால், 16ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் அசலோடு சேர்த்துக் கணக்கிடப்படும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று கொண்டால் ஆண்டு வட்டி 18 சதவீதம், மாதத்துக்கு ஒன்றரை. ஒரு லட்சம் ரூபாய் நிலுவை ஓராண்டில் ஏறத்தாழ 1,19,560 ரூபாயாக வளரும்.

பணம் வராதபோது மாநில அரசு அமைத்துள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். மன்றம் முதலில் சமரசம் பேசும். அது தோற்றால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். விற்றவர் இருக்கும் இடத்தின் மன்றமே விசாரிக்கும், வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி என்று 18ஆம் பிரிவு கூறுவதால், மதுரையில் இருக்கும் வடிவமைப்பாளர் மும்பை நிறுவனத்துக்காக மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. தீர்ப்பை எதிர்த்துப் போக விரும்பும் வாடிக்கையாளர் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மன்றம் 90 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நாளாகும். ஒரு நிபந்தனை முக்கியமானது: பணிக்கு ஒப்பந்தம் போடுமுன்பே பதிவு இருக்க வேண்டும். பிறகு பெற்ற பதிவு முந்தைய பணிகளுக்குப் பயன்படாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு அமர்வு இக்கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருந்தாலும், அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

உத்யம் எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிட வேண்டும். அதைக் கண்டதும் வாடிக்கையாளரின் கணக்காளர் விழித்துக்கொள்வதற்கு வேறு காரணமும் உண்டு. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு மேற்கண்ட கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும்வரை, வாடிக்கையாளர் தம் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டி சட்டத்திலும் இதற்கு ஈடான விதி உண்டு: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராதவர், அந்த இன்வாய்ஸின் பேரில் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நினைவூட்டல் கடிதத்தில் இந்த இரண்டையும் பணிவாகக் குறிப்பிடுவது, வக்கீல் நோட்டீஸ் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

வருமான வரித் தளத்தில் தம் பெயரில் காணும் டிடிஎஸ் (மூலத்தில் பிடித்த வரி) பதிவுகளையும் தனித்தொழிலர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். தொகையைக் கணக்கில் வரவுவைக்கும்போதோ தரும்போதோ, எது முந்தையதோ அப்போது டிடிஎஸ் பிடிக்கப்பட வேண்டும் என்பதால், பணம் தராத வாடிக்கையாளரின் கணக்குப்பிரிவு வரியை மட்டும் பிடித்துக் கட்டியிருப்பது அபூர்வம் அன்று. ‘அப்படியொரு இன்வாய்ஸே வரவில்லை’ என்று பின்னர் சொல்பவருக்கு எதிராக அந்தப் பதிவு நல்ல துணைச் சான்று.

வெளிநாட்டு வாடிக்கையாளர்

மேற்கண்ட கருவிகளில் பெரும்பாலானவை இந்திய எல்லையோடு நின்றுவிடும். சென்னையில் பெற்ற தீர்ப்பை அமெரிக்காவில் நிறைவேற்றுவது, சில ஆயிரம் டாலர் நிலுவைக்குச் செலவு கட்டுபடியாகாத முயற்சி. ஆகையால் அவ்வகைப் பணிகளில் ஷரத்துகளின் அழகைவிட வரிசையே முக்கியம்: பெரிய பங்கை முன்பணமாகப் பெறுவது, கட்டங்களைச் சிறிதாக்குவது, தொகையை இடைநிலைக் கணக்கில் பிடித்துவைத்துப் பணி ஏற்றதும் விடுவிக்கும் எஸ்க்ரோ வசதியுள்ள தளங்கள் வழியே வேலை எடுப்பது, இறுதிக் கோப்பைப் பணத்துக்குப் பின் தருவது.

பணம் வராதபோது

கெடு கடந்த மறுநாளே இன்வாய்ஸ் எண், தொகை, கெடு நாள் ஆகியவற்றோடு எழுத்தில் நினைவூட்ட வேண்டும். தொலைபேசியில் பேசினாலும் பேசியதை அன்றே எழுதி அனுப்ப வேண்டும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பயனில்லை எனில் வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் உத்யம் பதிவு உள்ளவர் வசதியாக்க மன்றம், இல்லாதவர் உரிமையியல் நீதிமன்றம் என்பது வரிசை. எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் குறிப்பிட்ட தொகை வர வேண்டியிருந்தால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்க வழக்குத் தொடுக்கலாம். இதில் எதிர்த்தரப்பு அழைப்பாணை கிடைத்த 10 நாட்களுக்குள் முன்னிலையாக வேண்டும், நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே எதிர்வாதம் செய்ய முடியும். எல்லை எழுதாத, தொகை எழுதாத ஒப்பந்தத்துக்கு இந்தக் குறுக்குவழி திறக்காது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றத்துக்குரியவை. அவற்றில் உடனடி இடைக்கால உத்தரவு கேட்கப்படாதபோது, வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். பெண்களுக்கு வருமான வரம்பின்றிச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது என்பது, பெண் தனித்தொழிலர் பலரும் அறியாத உரிமை.

வழக்குத் தொடுப்பதற்கு வெளி எல்லை காலவரையறைச் சட்டம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்றாண்டு கடந்தால் வழக்கு தள்ளுபடியாகும். நினைவூட்டல்கள் எத்தனை அனுப்பினாலும் அந்தக் காலம் நீளாது. மூன்றாண்டு முடியுமுன் வாடிக்கையாளர் கடனை எழுத்தில் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிய மூன்றாண்டு தொடங்கும். ஆகவே ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று தொலைபேசியில் சொல்பவரிடம், தொகையையும் தேதியையும் குறித்துக் கையொப்பமிட்ட கடிதமாக அதைக் கேட்டு வாங்க வேண்டும். கடிதம் வராமல் இரண்டரை ஆண்டு கடந்துவிட்டால், மேலும் ஒரு நினைவூட்டல் எழுதிக்கொண்டிராமல் ஆவணங்களோடு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.